மூன்று பத்துக்கு ஒரு தலைவலி மாத்திரை

மாரிராஜைத் தூக்கிக்கொண்டு வந்தபோது காலை ஒன்பது நாற்பது. யாரோ முதலுதவி அறையின் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார்கள். இரண்டு பேர் அவனுக்குத் தோள் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் அவனுடைய வலது கையை ஒரு பழந்துணியில் பொதிந்து, கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்திருப்பதுபோல எட்டப் பிடித்துக்கொண்டு வந்தான். துணி ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.

மெர்சி பதினெட்டு வருஷமாக நர்ஸ். ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்தே ஆறு வருஷம் ஆகிறது. துணியைப் பிரித்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. உள்ளங்கை நசுங்கிப்போயிருந்தது. ஆம்புலன்ஸுக்கு ஒருவனை விரட்டிவிட்டுக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.

"மாரி, என்னைப் பாரு. கண்ண மூடாத. வலிக்குதா?"

"எக்கா," என்றான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். நாலு வருஷம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. "செத்த நேரம் படுத்துக்கிடட்டா?"

"படுத்துக்கிட்டுதாண்டா இருக்க."

அவன் கண்கள் மூடிக்கொண்டன. மயங்கிவிட்டான் என்று பதறி நாடி பார்த்தாள். வேகமாக ஓடியது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. குறட்டை. இரண்டு விரல் போன ஒருவன், கட்டுப் போட்டு முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

மெர்சி கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இவன் கடைசியா எப்ப தூங்குனான்?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டாள்.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் தசரதன்தான் பதில் சொன்னார். "நைட்டு பத்தரைக்கு அவுட் பஞ்ச் போட்டு வூட்டுக்குப் போய்ட்டான் சிஸ்டர். காலைல ஆறரைக்குத்தான் உள்ள வந்துகிறான். எட்டு மணி நேரம் ரெஸ்ட்டு. எல்லாம் மெஷின்ல கீது."

யாரும் கேட்காத கணக்கை அவரே சொன்னது மெர்சிக்கு உறைத்தது. மேற்கொண்டு கேட்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோதும் மாரிராஜ் விழிக்கவில்லை.

அவன் வேலை செய்த மில் இயந்திரத்தில் இரண்டு பெரிய இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் ரப்பரைக் கொடுத்தால் தகடாக வெளியே வரும். ரப்பர் சிக்கிக்கொண்டால் தலைக்கு மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்க வேண்டும். உருளைகள் நின்றுவிடும். பிறகுதான் கையை விட்டுச் சிக்கலை எடுக்க வேண்டும். நாலு வருஷத்தில் ஆயிரம் முறையாவது அந்தக் கயிற்றை இழுத்திருப்பான். இன்றைக்கு இழுக்கவில்லை.

தரையைத் துடைத்து, கை கழுவி, விபத்தை எழுதுவதற்காக முதலுதவிப் பதிவேட்டைத் திறந்தாள். இரவுப் பணி நர்ஸ் காவேரியின் சாய்ந்த கையெழுத்து பக்கத்தின் மேல்பாதியில் இருந்தது. ஒருவனுக்கு வயிற்று வலி. ஒருவனுக்கு விரலில் சிராய்ப்பு. அதற்குக் கீழே: 'அதிகாலை 3.10. மாரிராஜ், மில் செக்‌ஷன். தலைவலி, கண் எரிச்சல். மாத்திரை ஒன்று.'

மெர்சி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பத்தரைக்கு வீட்டுக்குப் போனவன், சுங்குவார்சத்திரத்தில் தன் அறையில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவன், மூன்று பத்துக்கு இங்கே எப்படி மாத்திரை வாங்குவான்?

விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியில் எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரிந்ததுதான். அடுத்த ஷிப்ட் ஆள் வராவிட்டால் இருக்கிற ஆளை வாசல் வரைக்கும் அனுப்பி விரலை வைத்து வெளியேறியதாகப் பதிய வைப்பார்கள். அப்படியே திருப்பி உள்ளே கூட்டி வருவார்கள். அந்த வருகைப்பதிவு மெஷினைப் பொறுத்தவரை அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவான். மாரிராஜ் திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு வேலைக்கு வந்தவன். இரவு ஷிப்டும் பார்த்து, காலை ஷிப்டுக்கும் நிற்க வைக்கப்பட்டிருக்கிறான். பத்தொன்பது மணி நேரம்.

தூக்கம் என்றால் என்னவென்று மெர்சிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் கணவன் ரகு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. மண்ணூரில் அவர்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணி வைத்து அடித்து வைத்திருக்கிறாள். பகலில் குக்கர் விசில் அடிக்காமல் சமைப்பாள். பழைய இரும்பு வாங்குகிறவன் மைக்கைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் ஓடிப்போய்ச் சண்டை பிடித்துத் திருப்பி அனுப்புவாள். இத்தனைக்குப் பிறகும் அவனுக்குப் பகல் தூக்கம் அஞ்சு மணி நேரத்தைத் தாண்டாது. நாற்பத்தாறு வயதில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. இரவுப் பணி வாரங்களில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவான். வாரம் முடிந்ததும் அவனே வருத்தப்படுவான். காவல் இருந்து தூங்கவைக்கிற வீட்டிலேயே இந்தக் கதி. ஒரே அறையில் ஆறு பேர், தகரக் கூரை, ஷிப்டுக்கு ஷிப்ட் பாயை மாற்றிக்கொள்கிற மாரிராஜுக்கு?

மதியம் மனிதவளத் துறை மேலாளர் பாலாஜி அவளைக் கூப்பிட்டார். ஏசி அறை. மேஜைமேல் அச்சடித்த தாள். விரல் போனால் தொழிலக ஆய்வாளருக்குத் தகவல் போயாக வேண்டும். அதற்கான படிவம் அது. காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: ஊழியரின் கவனக்குறைவு.

"முதலுதவி குடுத்தவங்க கையெழுத்து இங்க, சிஸ்டர்."

"காரணம் தப்பா இருக்கே சார்."

"என்ன தப்பு? கயிறு தலைக்கு மேலயே தொங்குது. இழுக்கல. டிரெய்னிங் குடுத்திருக்கோம், கையெழுத்து வாங்கியிருக்கோம்."

"ஏன் இழுக்கலன்னு யாராவது கேட்டீங்களா சார்? அவன் தூங்கவே இல்ல. நேத்து மதியம் வந்தவன். வெடிகாலம் மூணு பத்துக்கு எங்க ரூம்ல மாத்திரை வாங்கியிருக்கான். காவேரி எழுதி வெச்சிருக்கா."

பாலாஜி பேனாவை மூடினார். குரலில் மட்டும் மரியாதை குறையவில்லை. "நைட் ஷிப்ட்ல தேதி மாறிப்போய் எழுதறது சகஜம். நீங்க ஏஜென்சி ஸ்டாப். கம்பெனி ஆள்கூட இல்ல. உங்க வேலை கட்டுப் போடறது. காரணம் எழுதறது எங்க வேலை."

"அப்ப நீங்களே எழுதிக்குங்க. என் கையெழுத்து எதுக்கு?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பதிவேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, பதிவேட்டைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

அவள் அவசரப்பட்டது சரியாகத்தான் போயிற்று. மறுநாள் காலையில் பணி மாறும் நேரத்தில் காவேரி அவளை மருந்து அலமாரிக்குப் பின்னால் இழுத்தாள். காவேரிக்கும் மெர்சி வயதுதான். கணவன் இல்லை, கல்லூரியில் படிக்கிற மகள்.

"மெர்சி, புது நோட்டு ஒண்ணு குடுத்துக்கிறாங்க. பழசுல தண்ணி பட்டுடுச்சாம். ரெண்டு மாசத்துது எல்லாத்தையும் பாத்து எழுதணுமாம். அந்த ஒரு வரிய மட்டும் வுட்டுடணுமாம்."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னுட்டேன்." காவேரியின் கண் தளும்பியது. "வேற இன்னா சொல்றது? எனக்கும் ஏஜென்சிதான். நாளைக்கே வராதன்னா போய்டணும்."

மெர்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காவேரியின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் அவளைத் தாண்டிப்போய் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு ஆளின் கையை எடுத்துவிட்டு, இன்னொரு ஆளின் கையாலேயே அதை மறைக்கச் சொல்கிறார்கள். "எழுது," என்றாள். "ஆனா யாராவது நேர்ல கேட்டா பொய் சொல்லாத. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை ரகுவோடு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் முடிந்து மாரிராஜ் உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு நாளும் பெரும்பாலும் தூக்கம்தான் என்று வார்டு நர்ஸ் சொன்னாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. மெர்சி இந்த நாலு வருஷத்தில் அவனிடம் பார்த்திராத தெளிவு. அவன் மடியில் ஒரு பரீட்சை அட்டை. இடது கையில் பேனா. தாளில் கோணல்மாணலாக 'ஐயா' என்று மட்டும் எழுதியிருந்தது.

"என்னடா இது?"

"மெமோ வந்திருக்குக்கா. கவனக்குறைவா இருந்து மெஷினையும் உற்பத்தியையும் பாதிக்க வச்சிட்டேனாம். ஏழு நாளைக்குள்ள விளக்கம் குடுக்கணுமாம். எடக்கையால எழுதிப் பழகுதேன்."

விரல் போன கைக்கு விளக்கம் கேட்டு, அதைக் கையால் எழுதித் தரச் சொல்கிறவர்கள் வீட்டில் எந்தச் சோற்றைத் தின்கிறார்கள்? மெமோவை வாங்கிப் படித்த ரகு அதை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டான்.

"ஆனா என் தப்புதானக்கா," என்றான் மாரிராஜ். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "கயிறு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. இழுக்கணும்னு நெனச்சேன். இழுத்துட்டேன்னே நெனச்சேன்க்கா. உருள நின்ன மாதிரிகூட இருந்துச்சு. அதுக்கப்பறந்தான் கைய வச்சேன்."

"அதுக்கு முன்னாடி நாள் எப்ப எந்திரிச்ச?"

"திங்கக்கெழம காலைல ஏழு மணி. தண்ணி லாரி வந்துச்சு, கொடம் பிடிக்கணும்லா."

மெர்சி விரல் விட்டு எண்ணினாள். இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல்.

திரும்பி வரும் வழியில் பூந்தமல்லி தாண்டியதும் ரகு வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "போன மாசம் நான் ஒரு தூண்ல ஃபோர்க்க வுட்டேன், தெரியுமா? அடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன். கண்ணு தொறந்துகினுதான் இருந்துது."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட." கொஞ்ச தூரம் போய், "நீ செய்யறத செய்யி. பின்னாடி பாத்துக்கலாம்," என்றான்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் கேண்டீனில் கூட்டம் போட்டார்கள். வாசலில் பேனர்: 'எட்டு மணி நேரத் தூக்கம் – அது உங்கள் பொறுப்பு!' சென்னையிலிருந்து தூக்க மருத்துவ நிபுணர் டாக்டர் சண்முகப்ரியாவை வரவழைத்திருந்தார்கள். இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்த ஆட்களை பஸ் ஏறவிடாமல் நிறுத்தி உட்கார வைத்திருந்தார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்பதற்காகத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்த நூற்றைம்பது பேர். பின்வரிசையில் பாதிப்பேர் தலை தொங்கிவிட்டது.

பாலாஜி வரவேற்றுப் பேசினார். சமீபத்திய வருத்தமான சம்பவம் என்றார். இரவில் செல்போன் பார்க்கிற பழக்கம் என்றார். பொறுப்பு என்ற சொல்லை மட்டும் மெர்சி எண்ணினாள். ஏழு தடவை.

டாக்டர் முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார். எளிமையாகப் பேசினார். தூங்கும்போதுதான் உடம்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் தூக்கம் குறைந்தால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். பதினேழு மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறவனின் கையும் கண்ணும் குடித்தவனுடையதைப் போலவே மந்தமாகிவிடும் என்றார். மெர்சி எழுந்தாள்.

"டாக்டர், ஒரு கேள்வி."

"சிஸ்டர், கேள்வியெல்லாம் கடைசில," என்றார் பாலாஜி.

"கேக்கட்டும் சார். எனக்கும் பேசிப் பேசி அலுப்பா இருக்கு," என்று டாக்டர் சிரித்தார்.

மெர்சி சிரிக்கவில்லை. "ஒருத்தர் இருபத்தாறு மணி நேரம் தூங்கல. அதுல பத்தொன்பது மணி நேரம் வேலை. மெஷின நிறுத்தற கயிறு அவர் கண்ணு முன்னாடி. இழுக்கணும்னு நெனச்சார். இழுத்துட்டதாவே நெனச்சார். மெஷின் நின்ன மாதிரியும் அவருக்குத் தோணிச்சு. ஆனா இழுக்கல. கைய வெச்சுட்டார். இதுக்குப் பேரு கவனக்குறைவா?"

தொங்கிக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. டாக்டர் மைக்கைக் கீழே இறக்கி, பிறகு உயர்த்தினார்.

"இல்லைங்க. கண்ணு திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி தூங்கிடும். அந்த விநாடியில கனவுகூட வரலாம். செய்ய நினைச்சதைச் செஞ்சு முடிச்ச மாதிரி தோணலாம். கவனமே தூக்கத்துலேர்ந்துதான் வருது. தூக்கத்தைப் பிடுங்கிட்டு கவனம் எங்கேன்னு கேக்க முடியாது. குடிச்சவன் கையில யாராவது லாரி சாவியைக் குடுத்தா, நாம சாவி குடுத்தவரைத்தானே கேப்போம்?" கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "அவர் இப்ப எங்க இருக்கார்?"

"ஆஸ்பத்திரில. ரெண்டு வெரல் இல்ல. கவனக்குறைவுக்கு மெமோ குடுத்திருக்காங்க. எடது கையால பதில் எழுதிகினு கிறாரு."

நடுவரிசையில் கோதண்டம் என்கிற பெரியவர் எழுந்தார். "டாக்டரம்மா, நான் நேத்து நைட்லேர்ந்து பதினாறு மணி நேரம். இப்பவும் வூட்டுக்குப் போவல." அவர் உட்காருவதற்குள் இன்னொருவன் எழுந்தான். "அவுட் பஞ்ச் போட்டுட்டுத் திரும்பி வரச் சொல்றாங்க." அதற்கப்புறம் யார் பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாலாஜி மைக்கை வாங்கித் தட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் மெர்சியிடம் வந்து தன் எண்ணைக் கொடுத்தார். "எழுத்துல வேணும்னாலும் தரேன்," என்றார்.

தந்தார். டாக்டரின் கடிதமும் ஜெராக்ஸ் பக்கமும் மாரிராஜின் பதிலோடு போயின. இன்னொரு பிரதியை மெர்சி ஸ்ரீபெரும்புதூர் போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கூட்டம் நடந்த மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஏஜென்சியிலிருந்து போன் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம். காரணம் கேட்டாள். காரணம் சொல்கிற வழக்கம் இல்லையாம்.

இரண்டு வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். பதிவேட்டைக் கேட்டார். புது நோட்டு அவர் கைக்குப் போயிற்று. பழையது கிடைக்கவில்லை. காவேரியை அழைத்து, "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டிருக்கிறார். பாலாஜி பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

"நாந்தான் எழுதுனேன் சார்," என்றாளாம் காவேரி. "ஆனா அன்னைக்கு எழுதுனது இல்ல. பாத்து எழுதச் சொன்னாங்க. ஒரு வரி வுடச் சொன்னாங்க. அந்த வரில மாரிராஜ் இருந்தான்." அன்று இரவு மெர்சிக்குப் போன் செய்து இதைச் சொன்னபோது காவேரிக்கு அழுகை நிற்கவில்லை. வாய் விட்டுச் சொன்னதற்குப் பிறகும் காவேரியை யாரும் வேலையை விட்டு நிறுத்தத் துணியவில்லை. ஆய்வாளரின் கண் அந்தப் பக்கம் இருந்தது.

படிவத்தில் அந்தக் கட்டம் மாறியது. கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, ஓய்வின்றித் தொடர் பணி என்று எழுதினார்கள். மாரிராஜின் மெமோ திரும்பப் பெறப்பட்டது. வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை இல்லை. அவனை ஸ்டோர்ஸில் லேசான வேலைக்கு மாற்றினார்கள். தசரதனை மட்டும் வேறு ஊர் ஆலைக்குத் தூக்கி அடித்தார்கள். அதைக் கேட்டும் மெர்சிக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனுஷனும் தினம் பன்னிரண்டு மணி நேரம் கண் சிவக்க நின்றவர்தான். ஆளில்லாமலே இவ்வளவு தகடு வேண்டும் என்று மேலேயிருந்து கணக்குப் போட்டு அனுப்பியவர்களை யாரும் எந்த ஊருக்கும் மாற்றவில்லை. பாலாஜி அதே அறையில், அதே ஏசியில்.

மெர்சி இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறாள். சம்பளம் குறைவு. தலைவலி என்று தொழிற்சாலைச் சட்டையோடு யார் வந்தாலும், காய்ச்சல் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றுதான் கேட்கிறாள். பலருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் பிற்பகலில் மாரிராஜ் போன் செய்தான். பின்னால் டீக்கடை இரைச்சல்.

"எக்கா, இன்னிக்கு மோல்டிங் செக்‌ஷன்ல ஒம்பது பேர அவுட் பஞ்ச் போட்டுட்டுத் திரும்பி வரச் சொல்லியிருக்காக. ஒம்பது பேரும் பஞ்ச் போட்டாக. போட்டுட்டு அப்படியே கேட்டத் தாண்டி வந்துட்டாக. செக்யூரிட்டி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, ஒருத்தரும் திரும்பல. இப்ப எங்கூடத்தான் டீ குடிக்காக. நீங்களும் பேசுதீயளா?"

"பேச வேணாம்," என்றாள் மெர்சி. ஒன்பது பேர் வெளியே வருவதற்கு ஒருவன் கை போக வேண்டியிருந்ததை நினைத்தால் சந்தோஷப்படக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. "டீயும் குடிக்க வேணாம்னு சொல்லு, தூக்கம் போய்டும். வூட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லு."